எட்டுப் பேர் பார்த்த செய்தி

உங்கள் இருவருக்கும்தான் இதை எழுதுகிறேன். பாப்பா முதலில் படிக்கட்டும். தம்பி பிறகு படிக்கலாம். புரியாத இடத்தில் அக்காவிடம் கேட்டுக்கொள்ளட்டும். நான் பத்தாவதோடு நின்றவன். இருபது வருஷமாக பம்மல் லேத் பட்டறையில் இரும்பு கடைந்த கை இது. எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாப்பா, தை மாதத்திலிருந்து நீ என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு", "கேஸ்காரர் வந்துட்டுப் போனார்" என்பதோடு சரி. கூடுவாஞ்சேரியில் அத்தையின் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் உனக்கு வலிப்பு இருக்கிறது என்று நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று நீ கேட்கவில்லை. அம்மா கேட்டாள். அவளிடமும் நான் முழுதாகச் சொல்லவில்லை. காரணம் என் போனில் இருந்த ஒரு காய்கறி குரூப்பில் இருக்கிறது. அதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

உனக்கு முதல்முறை வந்தது ஒன்பது வயதில். பல்லாவரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். பம்மல் மெயின் ரோட்டில் வண்டி நின்று நின்று போனது. நீ என் மேல் சாய்ந்தாய். தூக்கம் என்று நினைத்தேன். பிறகு உன் கை இழுக்க ஆரம்பித்தது. எதிரே இருந்த ஒருவர் தன் சாவிக்கொத்தை எடுத்து உன் கையில் திணித்தார். ஓர் அம்மா தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் வண்டியிலிருந்து இறங்கப் பார்த்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? தோளில் கிடந்த துண்டை எடுத்து உன் முகத்தை மூடினேன். உனக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கவில்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்றுதான் பார்த்தேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல மாதிரி பேசினார். சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு நோய்தான், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் எல்லாரையும் போல இருப்பாள் என்றார். ஆனால் ஒரு வேளைகூட விடக் கூடாது, திடீரென்று நின்றால் முன்பைவிட மோசமாக வரும் என்று இரண்டு முறை சொன்னார். நான் தலையாட்டினேன். வெளியே வந்ததும் அம்மாவிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "அக்காவுக்குத் தெரியக் கூடாது."

அக்கா என்றால் உங்கள் அத்தை. நீ பிறந்த அன்றே தொட்டிலைப் பார்த்து "என் மருமக" என்று சொன்னவள். அத்தை மகன் உனக்கு முறை. அது நடக்கிறதோ இல்லையோ, அந்தப் பேச்சு இருந்தது. அதனால் மாத்திரை ராகி மாவு டப்பாவுக்குப் பின்னால் போனது. தம்பி, உனக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது, "யாராச்சும் கேட்டா அக்காவுக்குத் தலைசுத்தல்னு சொல்லு." அப்போது உனக்கு நான்கு வயது. ஒரு தடவைகூட நீ மாற்றிச் சொன்னதில்லை.

மாதம் ஒரு புதன்கிழமை மாத்திரை வாங்கப் போவேன். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே நீள பெஞ்சு. எப்போதும் அதே முகங்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். ஒரு நாள் பெருத்த உடம்புக்காரர் ஒருவர், காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர், அந்த அமைதியைத் தாங்க முடியாமல் வாயைத் திறந்தார்.

"இன்னா சார் இது, எல்லாம் ஸ்டேஷன்ல குந்திகினு கீற மாரி குந்திகினு கீறோம்? நாம இன்னா திருடியா வந்தோம்?"

எல்லாரும் சிரித்தோம். அன்றுதான் பேச்சு வந்தது. அவருடைய பையனுக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்தில் ஒரு டீச்சர். தாம்பரம் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. அவர் மகன் பிளஸ் டூ. இன்னும் ஐந்து பேர், பெற்றவர்கள்தான். கடைசியாக ஒரு சின்ன வயது அம்மா. அவர் மட்டும்தான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவார், வீட்டில் விட்டுவர ஆள் இல்லாததால். ஏழு வயதுப் பெண் குழந்தை. முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அங்கிள், உங்க வெரல்ல ஏன் கறுப்பு போகவே மாட்டேங்குது?" என்று கேட்டது.

"மெஷின் எண்ணெய்டா கண்ணு."

"சோப்புப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"பொய். நான் போட்டா எனக்குப் போகுதே."

நாங்கள் ஒன்பது குடும்பம். யாரிடமும் சொல்ல முடியாததை எல்லாம் அந்த பெஞ்சில் அரை மணி நேரத்தில் சொல்லிக்கொண்டோம். எந்த நேரம் மாத்திரை கொடுப்பது, பிள்ளை விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதுவும் வைக்காமல் இருப்பது. டீச்சர்தான் ஆரம்பித்தார். "நாம ஒரு குரூப் மாதிரி வெச்சுக்கலாமே. மாசம் ஒரு நாள் பத்தல. பிரைவேட்டா, நமக்குள்ள மட்டும்."

எதில் வைப்பது என்பதில்தான் மூன்று புதன்கிழமை போனது.

எல்லார் போனிலும் இருக்கிற பச்சை ஆப்பில் வைக்கலாம் என்றேன். பட்டறை ஆட்கள் குரூப்பை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று கொஞ்சம் பெருமையாகவும் சொன்னேன். அந்தச் சின்ன வயது அம்மா உடனே பதறினார்.

"அதுல நம்பர் தெரியும் சார். என் நாத்தனார் என் போனை எடுத்துப் பார்ப்பாங்க. ஆஸ்பத்திரி, மாத்திரைன்னு ஒரு வார்த்தை இருந்தாப் போதும். எங்க வீட்டுக்காரரும் பக்கத்துல இல்ல, சவுதியில இருக்கார். நான் தனியா மாட்டிப்பேன்."

அடுத்து டீச்சர் இன்னொன்று சொன்னார். போட்டோ எல்லாம் போட்டு ஊரே இருக்கிற இடம். அதில் வெளியாருக்குத் தெரியாத குரூப் வைக்கலாமாம். அதற்கு ஆட்டோக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மேடம், அதுல 'உங்களுக்குத் தெரிஞ்சவரா'ன்னு கேட்டுகினே கீது. போன வாரம் என் மச்சான் மூஞ்சிய காட்டுது. எனுக்கு அவன் மூஞ்சிய காட்னா, அவனுக்கு என் மூஞ்சிய காட்டாதா? அவன் கையில மாட்னா மேடவாக்கம் வரைக்கும் போஸ்டர் ஒட்டிடுவான்."

டீச்சர் சிரித்தாலும் முகம் வாடிவிட்டது. அவர் பயம் வேறு. மகனைப் பற்றிப் பள்ளியில் தெரிந்தால், தன் வகுப்பிலேயே பிள்ளைகள் பேசுவார்கள் என்று.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "சார், நீங்கதான் விசாரிச்சுச் சொல்லணும்" என்றார்கள். என்னை யாரும் 'சார்' என்று கூப்பிட்டு ஒரு காரியம் கொடுத்ததில்லை. நான் ஏற்றுக்கொண்டேன்.

பாப்பா, அன்று சாயங்காலம் நான் உன்னிடம் வந்து கேட்டது உனக்கு நினைவிருக்கும். போன் நம்பர் தெரியாத ஆப் எதாவது இருக்கிறதா என்று.

"எதுக்குப்பா?"

"பட்டறைக்கு."

நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய். நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்காமல் என் போனை வாங்கி இறக்கிக் கொடுத்தாய். நம்பர் வேண்டாம், சொந்தப் பெயர் வேண்டாம், பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாம், போட்ட செய்தி தானாக அழிந்துவிடும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாய்.

"எவ்ளோ நேரத்துல அழியணும்? ஒரு வாரம் வெக்கவா?"

"ஒரு நாள் வை."

"ஒரு நாள் கம்மிப்பா. யாராச்சும் பாக்காம விட்டுட்டா?"

"எல்லாம் பாப்பாங்க. நீ வை."

அடுத்த புதன்கிழமை பெஞ்சில் பெயர் வைப்பு விழா. மாமியார் பார்த்தாலும் நாத்தனார் பார்த்தாலும் காய்கறி வாங்குகிற குரூப் என்று நினைக்க வேண்டும் என்பது என் யோசனை. அதனால் ஆளுக்கு ஒரு காய். ஆட்டோக்காரர், "நம்ம சைஸுக்குப் பூசணிதான் கரீட்டு" என்று முந்திக்கொண்டார். டீச்சர் காரட். "படிச்சவங்கன்னா இங்கிலீஷ் காய்தான் எடுப்பீங்களா மேடம்?" என்று பூசணி கிண்டல் செய்தார். நான் வாழைக்காய். அந்தச் சின்ன அம்மாவுக்கு அவர் குழந்தைதான் பெயர் வைத்தது. "அவரைக்காய் வைங்க. அம்மா தெனமும் அதான் செய்றாங்க. எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

விதிகளை நான்தான் எழுதினேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து, பழைய டிராயிங் காகிதத்தின் பின்பக்கம் எழுதி, பிறகு போனில் அடித்தேன். சொந்தப் பெயர் கூடாது. பிள்ளை பெயரும் கூடாது. எந்த ஏரியா என்று சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. போட்டோ கூடாது. போனில் சத்தம் வராமல் வைத்துக்கொள்ள வேண்டும். எழுதி முடித்ததும், லேத்தில் கடைந்து அளவு துல்லியமாக வந்த ஷாப்ட் தண்டைக் கையில் பிடித்த மாதிரி இருந்தது. ஒரு நூல் இடைவெளி இல்லை. எதுவும் வெளியே போகாது.

உள்ளேயும் எதுவும் வராது என்று அப்போது தோன்றவில்லை.

ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் போனது. இப்போது யோசித்தால் என் வாழ்க்கையில் நான் பயமில்லாமல் பேசிய இடம் அது ஒன்றுதான். காரட் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குத் தூக்கம் எவ்வளவு முக்கியம் என்று எழுதுவார். பூசணி எழுத மாட்டார், பேசி அனுப்புவார். "பூசணி பேசுது, பூசணி பேசுது, புள்ளைக்கு ஆறு மாசமா ஒண்ணும் வர்ல, எல்லாரும் டீ சாப்டுங்க" என்பார். ஒரு முறை நான் கேட்டேன், பெண்பிள்ளையை இதோடு எப்படிக் கட்டிக்கொடுப்பது என்று. அவரைக்காய் பதில் போட்டார்: "அண்ணா, முதல்ல அவங்க வளரட்டும்." அடுத்த நாள் அது அழிந்துபோனது. ஆனால் எனக்கு அழியவில்லை.

அந்த மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தது. முடிச்சூரில் அத்தை வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. அத்தை, மாமா, அவர்கள் மகன் மூவரும் நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நம் தெரு மேடு. நமக்கு ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் மட்டும் இல்லை. பட்டறை மூடியிருந்தது. மத்தியானம் அம்மா ரசமும் அப்பளமும் செய்திருந்தாள். கூடத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தம்பி, நீ மாமாவிடம் படகு எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

சத்தம் வராது என்றாலும் எனக்கு அடிக்கடி போனைப் பார்க்கும் பழக்கம். திறந்தேன். அவரைக்காய் போட்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. மாடிக்கு ஏறும்போது மாத்திரை டப்பா தண்ணில போயிடுச்சு. நேத்துலேர்ந்து பாப்பாவுக்கு மாத்திரை இல்ல. கடை எதுவும் திறக்கல. யார்கிட்டயாவது இருக்கா? பக்கத்துல யாராவது இருக்கீங்களா?"

அதன் கீழே இன்னொன்று. "சார்ஜ் கொஞ்சம்தான் இருக்கு. யாராவது பதில் போடுங்க."

பாப்பா, உன் மாத்திரையும் அந்தக் குழந்தையின் மாத்திரையும் ஒன்றுதான். உனக்கு முழுசு, அவளுக்குப் பாதி. முந்தின வாரம்தான் நான் வாங்கி வந்திருந்தேன். ராகி மாவு டப்பாவுக்குப் பின்னால் இருபது நாளுக்கு மேல் இருந்தது.

"எந்த ஏரியா" என்று அடிக்க ஆரம்பித்தேன். கேட்கக் கூடாது என்று விதி எழுதியவன் நான். அது மட்டும் என்றால் மீறியிருப்பேன். அதற்குள் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"யாருடா அது? மூஞ்சி ஏன் இப்பிடிப் போவுது?"

"ஒண்ணுமில்லக்கா. காய்கறி குரூப்பு."

"இந்த மழையில எவன்டா காய் விக்கிறான்? அப்பிடியே விக்கிறவன் இருந்தா எனக்கும் அரைக்கிலோ தக்காளி சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் எழுந்து போய் டப்பாவை எடுத்தால் அக்கா கேட்பாள். குடையை எடுத்தால் கேட்பாள். எங்கே போகிறாய், கையில் என்ன, யாருக்கு மாத்திரை, உன் வீட்டில் எதற்கு அந்த மாத்திரை. அந்தக் கேள்விகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குக் கேட்டுவிட்டன, அவள் கேட்பதற்கு முன்பே. நான் அடித்ததை அழித்தேன். அவர் எங்கேயோ ஊரப்பாக்கம், வண்டலூர் பக்கம் இருப்பார், இங்கிருந்து நான் எப்படிப் போக முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் இருக்கிற யாராவது பதில் போடுவார்கள். டீச்சர் இருக்கிறார், ஆட்டோ வைத்திருக்கிறவர் இருக்கிறார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் மறுபடி பார்த்தேன். யாரும் ஒன்றும் போடவில்லை. நேராகப் போனில் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். யாரிடமும் யார் நம்பரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் திறந்தபோது அந்தச் செய்தி இல்லை. ஒரு நாள் முடிந்து அழிந்திருந்தது. குரூப் சுத்தமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனசு லேசானது. கேள்வி காணாமல் போனதைப் பார்த்து, பிரச்சினையும் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மாத்திரை வாங்கும் புதன்கிழமை வந்தது. பெஞ்சில் ஏறக்குறைய எல்லாரும் இருந்தோம். மழையில் யார் வீட்டில் எவ்வளவு தண்ணீர் என்று மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்; எங்கள் விதிப்படி நாங்கள் பேசவில்லை. அப்போது அவரைக்காய் வந்தார். தனியாக வந்தார். பூசணிதான் முதலில் பார்த்தார்.

"வாங்க அவரைக்கா. எங்க நம்ம வாலு? இஸ்கூலா?"

அவர் உட்காரவில்லை. கையில் ஆஸ்பத்திரி நோட்டு இருந்தது, தண்ணீரில் ஊறிக் காய்ந்து உப்பியிருந்தது.

"அவ இல்லண்ணா."

பூசணிக்குப் புரியவில்லை. "இல்லன்னா? ஊருக்கா?"

"இல்லண்ணா. போயிட்டா."

பிறகு அவர் நின்றபடியே சொன்னார். குரல் உயரவில்லை. செய்தி போட்ட மறுநாள் மத்தியானம் ஆரம்பித்ததாம். ஒன்று முடிந்து கண் திறப்பதற்குள் அடுத்தது. பக்கத்து மாடிக்காரர்களிடம் அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னாராம், இவளுக்கு இப்படி ஒரு நோய் உண்டு என்று. அவர்கள் கத்திக் கூப்பிட்டுப் படகு வந்து, படகிலிருந்து ஆம்புலன்ஸ் நிற்கும் இடம்வரை தூக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்திருக்கிறாள்.

"இந்த நோட்டைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். வீட்ல வெச்சிருக்க முடியல."

டீச்சர் எழுந்து அவர் கையைப் பிடிக்கப் போனார். அவர் கையைக் கொடுக்கவில்லை.

"எட்டுப் பேர் பார்த்தீங்க" என்றார். "அதுல கண்ணு மாதிரி ஒரு படம் வரும், பக்கத்துல எத்தனை பேர் பார்த்தாங்கன்னு வரும். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். மூணு வந்துச்சு. அப்புறம் அஞ்சு. சாயந்தரம் எட்டு. நாம மொத்தமே ஒம்போது பேர்தானே. எல்லாரும் பார்த்துட்டாங்க, இனிமே யாராவது கேப்பாங்கன்னு இருந்தேன். எங்க இருக்கேன்னு ஒருத்தர் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ரூல் இருக்கேன்னு நானா போடல."

பூசணி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். "எனுக்கு அந்த ஏரியாலாம் வண்டி போவாதுன்னு நெனச்சேன்மா. எந்த ஏரியான்னே தெரியாம நெனச்சேன்மா."

"பொழிச்சலூர்தாண்ணா" என்றார் அவர். "ஆத்தோரம்."

பொழிச்சலூர். நம் வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். நம் தெரு மேடு, அவர் தெரு பள்ளம், அவ்வளவுதான். இடுப்பளவு தண்ணீர்; அன்று அதில் நடந்துபோய்ப் பால் வாங்கி வந்தவர்களை நான் நம் மாடியிலிருந்து பார்த்தேன். என் வீட்டில் மாத்திரை இருந்தது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் நோட்டை ஜன்னலில் கொடுத்தார். உள்ளே இருந்தவர், இதை நாங்கள் திருப்பி வாங்குவதில்லை அம்மா என்றார். மறுபடியும் அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனார்.

அன்று நான் உன் மாத்திரையை வாங்கி வந்து கொடுத்தேன், பாப்பா. நீ வழக்கம்போல வாங்கிக்கொண்டாய். உன்னிடம் அப்போது சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. அந்த ஆப்பை இறக்கிக் கொடுத்தது நீ. ஒரு நாள் என்று வைத்தது உன் விரல். நீ அதை உன் மேல் போட்டுக்கொள்வாய் என்று பயந்தேன். நீ அன்றே கம்மி என்று சொன்னாய். யாராவது பார்க்காமல் விட்டால் என்ன செய்வது என்று கேட்டாய். பார்க்காமல் யாரும் விடவில்லை, பாப்பா. எல்லாரும் பார்த்தோம். இதில் உனக்கு ஒரு துளி பங்குகூட இல்லை. இதை மட்டும் இரண்டு முறை படி.

இதோடு நான் இரண்டு மாதம் நடமாடினேன். பட்டறையில் இரண்டு வேலையை அளவு தப்பிக் கெடுத்தேன். பிறகுதான் கூடுவாஞ்சேரி.

அத்தை முடிச்சூர் வேண்டாம் என்று, பாதியில் நின்றிருந்த அந்த வீட்டை அவசர அவசரமாக முடித்துப் பால் காய்ச்சினாள். சந்தோஷமான நாள். பந்தியில் நீ பரிமாறிக்கொண்டிருந்தாய். அத்தை உன் தோளில் கைபோட்டுக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இந்த வூட்டுக்கு மகாலட்சுமி இவதான். படிப்பு முடியட்டும், கூட்டியாந்துடுவேன். ஒரு குறை சொல்லுங்க பாப்போம் என் மருமவள!"

நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஏழு வருஷமாக நாம் இருவரும் இப்படித்தான் பார்த்துக்கொள்கிறோம், வாயை மூடிக்கொள்ளலாம் என்று. ஆனால் அன்று எனக்கு ஆற்றோரத்து மாடிதான் கண்ணில் நின்றது. ஒரு தாய் போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். மூன்று, ஐந்து, எட்டு. சாம்பாரில் கை இருக்க, நான் சொல்லிவிட்டேன்.

"குறை இல்லக்கா. ஆனா அவளுக்கு வலிப்பு இருக்கு. ஒம்போது வயசிலேர்ந்து இருக்கு. மாத்திரை சாப்பிடறா."

கரண்டி நின்றது. அத்தை கை உன் தோளிலிருந்து மெதுவாக இறங்கியதை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். "இத்தினி வருஷமா எங்கிட்டயே மறைச்சியாடா?" என்று அத்தை கேட்டாள். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷனுக்கு வரும்போது, நீ வெளியே பார்த்தபடியே சொன்னாய். "மறைச்சதும் நீங்க. சொன்னதும் நீங்க. நடுவுல நான் எங்கப்பா?"

பயத்தில் உன்னைக் கேட்காமல் மறைத்தேன். குற்ற உணர்ச்சியில் உன்னைக் கேட்காமல் சொன்னேன். என் நெஞ்சுப் பாரத்தை இறக்கி உன் தலையில் வைத்தேன். நான் சொன்னது உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை, இலை போட்டு எல்லாரும் சாப்பிடும்போது இல்லை, உன் கையில் சாம்பார் வாளி இருக்கும்போது இல்லை.

போன வாரம் டீச்சர் போன் செய்தார். இப்போது நம்பர் வாங்கி வைத்திருக்கிறோம், அவரும் ஆட்டோக்காரரும் நானும் மட்டும். மற்றவர்கள் அந்தக் குரூப்பைவிட்டு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். இனி மறைக்க வேண்டாம் என்று நான் அதில் என் பெயரும் தெருவும் நம்பரும் போட்ட அன்றே நான்கு பேர் போனார்கள். பெஞ்சில் புதிதாக மூன்று குடும்பம் வந்திருக்கிறதாம். "ஒரு பாப்பா முகத்தை முழுக்க ஷாலால மூடிக் கூட்டிட்டு வர்றாங்க சார். மறுபடியும் ஒரு குரூப் வேணும். எதுல வெக்கலாம், சொல்லுங்க" என்றார்.

எதில் வைப்பது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்றேன். அவர் விடவில்லை. "அப்ப யாரைக் கேக்கறது?" என்றார். பிள்ளைகளைக் கேளுங்கள் என்றேன். நம் ஒன்பது குடும்பத்தில் ஒரு பிள்ளையைக்கூட நாம் கேட்கவில்லையே டீச்சர் என்றேன். அவர் "என் பையனைக் கேக்கறேன்" என்று போனை வைத்தார்.

உன்னிடம் நான் கேட்பது இதுதான். உன் பெயர் எதில், யாருக்கு, எவ்வளவு தெரியலாம் என்று நீ சொல். வேண்டவே வேண்டாம் என்றாலும் சரி, நான் அந்தப் பெஞ்சில் வாய் திறக்க மாட்டேன். என்னிடம் இப்போதைக்குப் பேச வேண்டாம் என்றாலும் சரி.

இன்னொன்று மீதி இருக்கிறது. மாத்திரை என் வீட்டில்தான் இருந்தது என்பதை அந்த அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வீடு எது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. இரண்டு முறை அந்தக் கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை உன்னைத் துணைக்குக் கூப்பிடலாமா என்று உன் அறை வாசலில் வந்து நின்றேன். நீ முதுகைக் காட்டிக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்தாய். உயிரோடு இருக்கிற என் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அந்த வாசலில் எப்படி நிற்பது? கூப்பிடாமல் வந்துவிட்டேன். அங்கே நான் தனியாகத்தான் போக வேண்டும். இன்னும் போகவில்லை.